மன்னிப்பு யாருடைய வேலை?

ஏஞ்சலா டேவிஸின் 'ஆர் பிரிசன்ஸ் ஆப்சலீட்?' 2003இல் வெளிவந்த சிறிய நூல். சிறைகள் காலாவதியாகிவிட்டனவா என்று கேட்கும் இந்நூல், சிறையைச் சீர்திருத்துவதோடு நிற்காமல் சிறையே இல்லாத சமூகத்தைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. டேவிஸ் சிறையை உள்ளிருந்து அறிந்தவர். 1970இல் கைதாகி சுமார் 16 மாதங்கள் அடைபட்டுக் கிடந்தவர். 1972இல் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவிக்கப்பட்டார்.

நூலின் நான்காம் இயல் பெண்களைப் பற்றியது. ஆடையைக் களைந்து, உடலின் உட்பகுதிவரை சோதிப்பது அமெரிக்கப் பெண்கள் சிறைகளில் வழக்கமான நடைமுறை. வெளியில் ஒருவர் அதைச் செய்தால் பாலியல் வன்முறை. சீருடை அணிந்தவர் செய்தால் பாதுகாப்பு விதி. வீட்டிலும் தெருவிலும் பெண்ணுடல்மீது நிகழும் வன்முறையின் தொடர்ச்சியாகவே சிறையை டேவிஸ் வாசிக்கிறார். நூலின் வலிமையான பகுதி இதுதான்.

இந்த வாசிப்பைக் காலம் உறுதிசெய்தது. கலிபோர்னியாவின் டப்ளின் நகரிலிருந்த கூட்டரசுப் பெண்கள் சிறையில், கைதிகளைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியவர்களில் சிறையின் தலைமை அதிகாரியும் இருந்தார், மதகுருவும் இருந்தார். தலைமை அதிகாரிக்கு 2023இல் 70 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. 2024 ஏப்ரலில் சிறையை மூடுவதாக அறிவித்த அரசு, அங்கிருந்த நூற்றுக்கணக்கான பெண்களை நாட்டின் வேறு சிறைகளுக்கு அனுப்பியது. பலர் தங்கள் பிள்ளைகளிடமிருந்து இன்னும் தொலைவுக்குப் போனார்கள். கட்டடத்தைப் பூட்டினார்கள், பெண்களின் சிறைவாசம் தொடர்ந்தது.

டேவிஸின் நூலோடு எனக்குள்ள பிணக்கும் இங்கேதான் தொடங்குகிறது. டப்ளின் பெண்கள் நீதி கேட்டார்கள். அது இன்னொருவருக்குச் சிறைத்தண்டனையாகவே வந்தது. அதை அவர்கள் வரவேற்றால் தவறா? தண்டனைக்கு மாற்றைப் பேசும் இறுதி இயலில், தென்னாப்பிரிக்காவில் 1993இல் கொல்லப்பட்ட ஏமி பீல் என்ற இளம்பெண்ணின் பெற்றோரை டேவிஸ் முன்வைக்கிறார். மகளைக் கொன்றவர்களின் விடுதலையை ஏற்று, அவர்களில் இருவருக்கு மகள் பெயரிலான அறக்கட்டளையிலேயே வேலையும் கொடுத்தவர்கள் அவர்கள். நெகிழ வைக்கும் வரலாறுதான். ஆனால் பொறுத்துப் போ, மறந்துவிடு என்று காலங்காலமாகக் கேட்டு வளர்ந்த பெண்களுக்கு, மன்னிப்பை மாற்று வழியாகக் காட்டும்போது கூடுதல் கவனம் தேவை. அடித்த கணவனையும் வன்புணர்ந்த காவலரையும் என்ன செய்வது என்ற கேள்விக்கு நூலில் போதிய இடமில்லை.

இக்குறையால் நூலின் அடிப்படைக் கேள்வி பொய்த்துவிடாது. டப்ளின் பெண்கள் கேட்டதைப் பார்த்தால் அது இன்னும் கூர்மையாகிறது. மருத்துவம் கேட்டார்கள், சிலர் முன்கூட்டியே விடுதலை கேட்டார்கள், வழக்குத் தொடுத்து இழப்பீடு கேட்டார்கள். 2024 இறுதியில் 103 பெண்களுக்கு சுமார் 11.6 கோடி டாலர் வழங்க அரசு ஒப்புக்கொண்டது. இவற்றில் எதையும் ஒருவரைக் கூண்டில் அடைப்பதால் மட்டும் கொடுத்துவிட முடியாது. எதைப் பெறுவதற்கும் அவர்கள் யாரையும் மன்னிக்க வேண்டியிருக்கவுமில்லை. டேவிஸ் எழுதாமல் விட்ட பக்கங்களை இங்கிருந்து எழுதத் தொடங்கலாம்.