உமர் முக்தாரின் ஆசான்கள்

முஸ்தஃபா அக்காத் இயக்கத்தில் 1981இல் வெளிவந்த ‘லயன் ஆஃப் தி டெசர்ட்’ படத்தை இளமையில் வீடியோ நாடாவில் கண்டவர்களுக்கு, உமர் முக்தார் என்றதும் இன்றளவும் ஆன்டனி குயினின் முகமே நினைவில் எழும். நாமும் அவர்களுள் அடங்குவோம். அண்மையில் அதை மீண்டும் காண நேர்ந்தது. போர்க் காட்சிகள் முன்புபோல் பிரமிப்பூட்டவில்லை; சில நீளமாகவே தோன்றின. ஆயினும் இரு காட்சிகள் மங்கவேயில்லை.

ஒன்று, முதிய ஆசிரியர் சிறுவர்களுக்கு அர்ரஹ்மான் அத்தியாயத்தின் ‘மீஸான்’ என்னும் சொல்லை விளக்குவது. மற்றொன்று, பிடிபட்ட இளம் இத்தாலிய அதிகாரியைக் கொல்லத் துடிக்கும் தோழர்களை அவர் தடுப்பது. எதிரி நம்மவரைக் கொல்கிறானே என்கிறார்கள். அவர்கள் நமக்கு ஆசான்கள் அல்லர் என்பது அவருடைய மறுமொழி. பாடத்தில் சொன்ன தராசு களத்தில் நிறுக்கப்படும் இடம் இது.

அவர்கள் அல்லர் எனில், உமர் முக்தாரின் ஆசான்கள் யாவர்? 1837இல் முஹம்மத் இப்னு அலீ அஸ்ஸனூஸி தோற்றுவித்த தரீக்காவின் ஜக்பூப் கலாசாலையில் பயின்று, பின்னர் அல்கஸூர் ஸாவியாவின் ஷைகாக விளங்கியவர் அவர். (காயல்பட்டினத்து வாசகர்க்கு ஸாவியா என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை.) ஓதக் கற்பித்ததும், கோத்திரங்களிடையே வழக்குத் தீர்த்ததும், பாலைவன வணிகத்துக்குத் துணைநின்றதும் அந்த ஸாவியாக்களே. 1911இல் தொடங்கிய எதிர்ப்புக்கு ஆளும் பொருளும் அவற்றின் வழியே திரண்டன. கிராட்சியானி இதை நன்கறிந்திருந்தார். 1930இல் அவற்றை மூடிச் சொத்துகளைப் பறிமுதல் செய்தது அதனாலேயே.

படத்தில் முள்வேலி உண்டு, வதைமுகாம் உண்டு, 1931 செப்டம்பர் 16 அன்று ஸுலூக்கில் நிறைவேறிய தூக்குத் தண்டனை உண்டு. ஸனூஸிய்யாவுக்குக் கிடைத்த இடமோ மிகச் சொற்பம். காரணம் கலை சார்ந்ததன்று என்றே கருதுகிறோம். படத்துக்குப் பொருள் தந்தது கத்தாஃபியின் அரசு. 1969இல் அவர் கவிழ்த்த மன்னர் இத்ரீஸ் அத்தரீக்காவின் தலைவர், நிறுவனரின் பேரர். தம் இராணுவத்தின் மானத்துக்கு இழுக்கு என்று 1982இல் இத்தாலி இப்படத்தைத் தடைசெய்தது பற்றி நம்மவர் நிறையவே பேசியதுண்டு. பொருள் தந்த கை விதித்த மௌனம் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

தூக்குமேடையில் விழுந்த மூக்குக்கண்ணாடியை ஒரு சிறுவன் எடுத்துக்கொள்ளும் இறுதிக் காட்சி இன்றும் கண்ணை நனைக்கிறது. அச்சிறுவன் ஓதச் சென்றிருக்கக்கூடிய ஜக்பூப் கலாசாலையை, படம் வெளிவந்த மூன்றாண்டுகளில், 1984இல், அதே அரசு இடித்துத் தள்ளியது.