நகர்த்தித் திறத்தல்: ஓர் இடைமுகக் காப்புரிமையின் புதுமை குறித்த மதிப்பீடு

மென்பொருள் இடைமுகத்திற்கு வழங்கப்பெறும் காப்புரிமை உண்மையான கண்டுபிடிப்பைக் காக்கிறதா, முன்பே அறியப்பட்டதன் மெருகேற்றத்தைத் தனியுடைமை ஆக்குகிறதா என்னும் வினாவை ஆராய, ஆப்பிள் நிறுவனத்தின் ‘நகர்த்தித் திறத்தல்’ காப்புரிமை தக்க சான்றாகும். ஏறத்தாழ ஒரே முன்சான்றுகளைக் கொண்டு வெவ்வேறு நாட்டு நீதிமன்றங்கள் முரண்பட்ட முடிவுகளை எட்டின. அம்முரணின் காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

2005 டிசம்பர் 23ஐ முன்னுரிமை நாளாகக் கொண்ட 8,046,721ஆம் எண் அமெரிக்கக் காப்புரிமை 2011 அக்டோபரில் வழங்கப்பெற்றது. திரையில் குறித்த இடத்தில் தோன்றும் படத்தைத் தொட்டு, விரலை எடுக்காமல் திறப்புப் பகுதிவரை நகர்த்தினால் கருவி திறக்கும். விரலின் போக்கிற்கேற்பப் படமும் தொடர்ந்து நகரும் என்பதே கோரிக்கையின் சாரம். சட்டைப்பையில் உள்ள தொடுதிரைக் கைபேசி தற்செயலாக இயங்குவதைத் தடுப்பது அதன் நோக்கம்.

இதற்கு முன்சான்றுகள் இரண்டு. ஸ்வீடனின் நியோநோடு என்1 கைபேசியில், திரைமீது விரலை வலப்புறமாக இழுத்தால் பூட்டுத் திறந்தது. ஆனால் விரலுடன் நகரும் படம் அதில் இல்லை. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் கேத்தரீன் பிளேசன் 1992இல் காணொளியாக வெளியிட்ட ஆய்வில், தொடுதிரையில் விரலால் நகர்த்தும் நிலைமாற்றிகள் காட்டப்பட்டன. ஆனால் அவை சுவரில் பொருத்தும் வீட்டுக் கருவிகளுக்கானவை. ஆகவே எந்த ஒரு சான்றும் கோரிக்கை முழுவதையும் தன்னுள் கொண்டிருக்கவில்லை; அந்த அளவில் புதுமை உண்டு. எஞ்சும் வினா, இவ்விரண்டையும் இணைப்பது துறையறிந்த ஒருவருக்கு எளிதில் தோன்றுமா என்பதே.

தோன்றும் என்றது இங்கிலாந்து உயர் நீதிமன்றம் (2012). மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2013இல் அதனை உறுதிசெய்தது. ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றமும் 2015இல் காப்புரிமை செல்லாது என்றது. அமெரிக்காவிலோ சாம்சங்குக்கு எதிரான வழக்கில் 2014இல் ஜூரி ஆப்பிளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2016 பிப்ரவரியில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதனை மாற்றியது. அதே ஆண்டு அக்டோபரில் முழு அமர்வு 8-3 என்னும் பெரும்பான்மையில் ஜூரியின் முடிவை மீட்டது.

முழு அமர்வின் வாதங்களுள் இரண்டு ஆய்வுக்குரியவை. முதலாவது, நகர்த்தும் நிலைமாற்றிகளைப் பயனர்கள் அவ்வளவாக விரும்பவில்லை எனப் பிளேசனின் ஆய்வே பதிவுசெய்கிறது. ஆதலின் அதனை நாட எவர்க்கும் தூண்டுதல் இராது என்பது. பின்னோக்கிப் பார்த்து அனைத்தும் எளிதெனக் கருதும் பிழையைத் தவிர்க்க இவ்வாதம் உதவும். ஆயினும் பொத்தானை அழுத்துவதைவிட நகர்த்துதல் சற்றுக் கடினம் என்பது விளக்கின் நிலைமாற்றிக்குக் குறை. தற்செயல் தொடுகையைத் தடுக்க வேண்டிய பூட்டுக்கு அதுவே நிறை. விருப்பின்மை குறித்த அச்சான்றைப் பயன்பாட்டுச் சூழலிலிருந்து பிரித்து மேற்கோள் காட்டுதல் பொருந்தாது.

இரண்டாவது, 2007இல் ஸ்டீவ் ஜாப்ஸ் இவ்வசதியைச் செய்துகாட்டியபோது எழுந்த ஆரவாரம் துறையின் பாராட்டாகக் கொள்ளப்பட்டது. பாராட்டு சான்றாக வேண்டுமெனில், அது கோரிக்கையின் புதிய கூற்றைச் சார்ந்ததாதல் வேண்டும். இழுத்துத் திறக்கும் செயல் நியோநோடுக்கு உரியது. ஆப்பிள் சேர்த்தது விரலுடன் நகரும் படம் மட்டுமே. அவையோர் வியந்தது அப்படத்தையா, இழுத்துத் திறக்கும் செயலையா, புதிய கைபேசி முழுவதையுமா என்பதை அந்த ஆரவாரத்திலிருந்து பிரித்தறிய இயலாது.

இன்னொரு வேறுபாடும் கருதத்தக்கது. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் நீதிபதிகளே இணைப்பின் எளிமையை மதிப்பிட்டனர். அமெரிக்க முழு அமர்வோ, ஜூரியின் உண்மைக் கண்டறிவுகளுக்குப் போதிய சான்று உள்ளதா என்பதையே முதன்மையாக ஆராய்ந்தது. எனவே அத்தீர்ப்பைக் கண்டுபிடிப்பின் தகுதிச் சான்றிதழாக வாசிப்பது பிழையாகும். ஜூரியின் முடிவு தாங்கத்தக்கது என்பதே அதன் பொருள்.

இடைமுகக் காப்புரிமையை மதிப்பிடுவோர் முன்சான்றுக்கும் கோரிக்கைக்கும் இடையேயுள்ள இடைவெளியை முதலில் வரையறுத்தல் வேண்டும். வெற்றி, பாராட்டு, போலச்செய்தல் ஆகியவற்றை அவ்விடைவெளியோடு மட்டுமே பொருத்திப் பார்த்தல் வேண்டும். இவ்வளவுகோலின்படி நகர்த்தித் திறத்தல் சிறந்த வடிவமைப்பே. எனினும் தனியுரிமைக்குத் தகுந்த கண்டுபிடிப்பு என்பதற்கான சான்று வலுவற்றதாகவே உள்ளது.