வெள்ளிப் பாடலும் வெள்ளிச் சின்னமும்

ஒரு பொருள் அழகாக இருக்கிறது என்பதை வைத்து அது அசல் என்று சொல்லிவிட முடியுமா? குற்றாலத்தையும் இலக்கியத்தையும் சேர்த்துப் பேசுகிற எவரும் கடைசியில் டி.கே.சி.யிடம் வந்து நிற்பார்கள். டி.கே.சி.யைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கேள்வியில் வந்து நின்றாக வேண்டும். பெரும்பாலும் நிற்பதில்லை. சாரல், விருந்து, வட்டத்தொட்டி, கம்பன் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம்.

நான் இந்தக் கேள்விக்கு வந்த வழி கொஞ்சம் விநோதமானது. இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மன் விமானப்படைச் சின்னங்களை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று சில வருடங்களாக வாசித்துவருகிறேன். வாங்குகிற வசதியும் இல்லை, ஆசையும் இல்லை. போலி மலிந்த ஒரு சந்தையில் மனிதர்கள் எதை நம்பி ‘இது அசல்’ என்கிறார்கள் என்பதுதான் என்னை இழுத்தது.

விமானியின் சின்னத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் லாரல், மறுபக்கம் ஓக் இலைகள் கொண்ட வெள்ளி நிற மாலை. அதன்மேல் ஸ்வஸ்திகாவைக் கவ்விப் பறக்கும் கருத்த கழுகு. இரண்டும் தனித்தனியாக அடிக்கப்பட்டு, தறையாணியால் பிணைக்கப்பட்டவை. பெர்லினின் யுங்கர், லூடன்ஷைடின் அஸ்மான் என்று பல தயாரிப்பாளர்கள். ஒவ்வொருவரின் இறகு வரியும் பின்புற ஊசியும் வேறு. போரின் தொடக்கத்தில் நல்ல உலோகம், மெருகு. போர் முற்ற முற்றத் துத்தநாகம். அந்தப் பிற்காலச் சின்னங்கள் பலவும் இன்று மெருகு போய்ச் சாம்பல் பூத்துப் பரிதாபமாக இருக்கின்றன. ஆனால் அவை அசல். பளபளவென்று கண்ணைப் பறிக்கும் சின்னம்தான் பல நேரம் போரே பார்க்காதது.

அதனால் சேகரிப்பாளர்கள் அழகைப் பார்ப்பதில்லை, பிழையைப் பார்க்கிறார்கள். 1957இல் மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் கொண்டுவந்தது. போர்க்காலச் சின்னங்களை ஸ்வஸ்திகா இல்லாத வடிவத்தில் அணியலாம் என்றது. புதிதாகச் செய்து விற்க ஆரம்பித்தார்கள். இப்போது, மாலையை அடிக்கும் அச்சில் ஒரு சின்னக் கீறல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடிக்க அடிக்கக் கீறல் வளரும். ‘போர்க்காலத்துச் சின்னம்’ என்று ஒருவர் விற்பதில் உள்ள கீறல், 1957க்குப் பிந்தைய சின்னத்தில் உள்ளதைவிடப் பெரிதாக இருந்தால் கதை முடிந்தது. அது பின்னால் அடிக்கப்பட்டது. எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பிரயோஜனமில்லை.

ஏடு ஒப்பிடுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். இரண்டு ஏடுகள் ஒரே சரியான பாடத்தைக் கொண்டிருந்தால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. ஒரே விசித்திரமான பிழையைக் கொண்டிருந்தால் இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள்.

சின்னத்தைவிடச் சிக்கலானது தொகுதி. ஒரே விமானியின் சின்னங்கள், சான்றிதழ், சம்பளப் புத்தகம், பறப்புப் பதிவேடு எல்லாம் சேர்ந்த கட்டு. ஜெர்மன் சின்னங்களில் பொதுவாகப் பெற்றவரின் பெயர் இருக்காது. எனவே காகிதம்தான் ஆளைச் சொல்கிறது. காகிதத்தையும் போலி செய்யலாம். புற ஊதா விளக்கில் நீலமாக மின்னினால் அதில் போருக்குப் பின்பு பரவலான வெண்மையூட்டி இருக்கிறது என்று பொருள். எல்லாத் துண்டும் அசலாக இருந்தும் தொகுதி போலியாக இருக்கலாம். நான்கு வேறு ஆட்களின் பொருட்களைச் சேர்த்துக் கட்டி ஐந்தாவது ஒரு வீரனை உண்டாக்கிவிடுவார்கள். அந்த வட்டாரத்தில் ஒரு சொலவடை உண்டு: கதையை வாங்காதே, பொருளை வாங்கு.

நம்மூரில் நிலைமை வேறு. முதல் உலகப்போருக்குப் பிரிட்டிஷ் அரசு கொடுத்த பதக்கங்களின் விளிம்பிலேயே எண், பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். தென்காசிப் பக்கம் பழைய பாத்திரக் கடை ஒன்றில் அப்படி ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். விளிம்பு தேய்ந்து பெயரில் பாதி போயிருந்தது. “வெள்ளிதாம்லா, எடைக்குத் தாரேன்” என்றார் கடைக்காரர். உலகம் முழுக்க வெள்ளி விலைக்கு உருகிப்போன பதக்கங்கள் ஏராளம். அங்கே போலிகளால் உண்மை மறைகிறது. இங்கே அசலே அடுப்பில் போகிறது.

இப்போது டி.கே.சி. 1882இல் பிறந்து 1954இல் மறைந்தவர். கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்தார். கம்பராமாயணத்தின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் ஏராளமானவை பிறர் நுழைத்தவை என்பது அவர் கட்சி. அதில் தப்பே இல்லை. வெள்ளியம்பலத் தம்பிரான் நுழைத்ததாகச் சொல்லப்படும் பாடல்களுக்கு ‘வெள்ளிப் பாடல்’ என்று மரபே பெயர் வைத்திருக்கிறது. பின்வந்த பதிப்புகள் ‘மிகைப் பாடல்கள்’ என்று தனியே ஒதுக்கிக் கொடுத்தன. பிரச்சினை அவர் கையாண்ட அளவுகோலில். தாளம், உணர்ச்சி, சொல்லின் ஓட்டம் இவற்றில் குறை தெரிந்தால் அது கம்பர் வாக்கு அல்ல. சில இடங்களில் ஏட்டுச் சான்று காட்டாமல் சொற்களையே மாற்றினார்.

இந்த வாதம் வட்டமடிக்கிறது. கம்பர் மகாகவி, ஆகவே சுமாரான பாடல் அவருடையதல்ல. சுமாரானதை நீக்கிவிட்டோம், மிச்சமெல்லாம் அற்புதம். பார்த்தீர்களா, கம்பர் மகாகவி! சாம்பல் பூத்த துத்தநாகச் சின்னத்தை ‘இது யுங்கர் தரத்தில் இல்லை’ என்று தூக்கிப்போடுகிற சேகரிப்பாளரும் இதே தவறைத்தான் செய்கிறார். பத்தாயிரம் பாடல் எழுதுகிறவனுக்குச் சோர்ந்த நாட்கள் இருந்திருக்காதா? நமக்கு வேண்டியது கம்பனா, நாம் விரும்பும் கம்பனா?

டி.கே.சி.யின் ரசிகர்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். “அவர் பதிப்பாசிரியர் இல்லப்பா, ரசிகமணி. பண்டிதர்களின் பிடியிலிருந்து கம்பனை எடுத்து ஜனங்க வாயில கொடுத்தார்.” உண்மை. வையாபுரிப் பிள்ளை போன்றவர்கள் ஏடு ஏடாக ஒப்பிட்டுத் தந்த பாடபேதங்களை எத்தனை பேர் படித்தோம்? டி.கே.சி. எடுத்துச் சொன்ன பாட்டு காதில் நிற்கிறது. முத்தொள்ளாயிரத்தைப் பாருங்கள். முழு நூல் நமக்குக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு என்ற தொகைநூலில் தப்பிக் கிடந்த நூற்றுச் சொச்சம் பாடல்கள்தான் மிச்சம். உடைந்த தொகுதி அது. புறத்திரட்டைப் பதிப்பித்தவர் வையாபுரிப் பிள்ளை. முத்தொள்ளாயிரத்துக்கு உரை சொல்லிப் பரவலாக்கியவர் டி.கே.சி. இரண்டு பேரும் நமக்கு வேண்டும்.

ஆனால் இரண்டு வேலையும் ஒன்றல்ல. தேர்ந்தெடுப்பது ரசிகனின் உரிமை. ‘எனக்குப் பிடித்த ஆயிரம் பாடல்’ என்று போடலாம், யாரும் கேட்க முடியாது. ‘கம்பர் தரும் ராமாயணம்’ என்று தலைப்பு வைக்கும்போது அது ஆள் அடையாளம் சொல்லும் காரியமாகிவிடுகிறது. பதக்கச் சந்தையில் இதற்கு எளிய நாகரிகம் ஒன்று உண்டு. ஊசி பிற்பாடு மாற்றப்பட்டிருந்தால் ‘ஊசி மாற்றப்பட்டது’ என்று எழுதித்தான் விற்க வேண்டும். பழுதுபார்ப்பது குற்றமில்லை, சொல்லாமல் விடுவதுதான் குற்றம். ஹிட்லரின் விமானிகள் மார்பில் குத்தியதை விற்பவனிடம் நாம் எதிர்பார்க்கும் நேர்மையைக் கம்பனைக் கையிலெடுப்பவரிடமும் எதிர்பார்க்கலாம்.

அந்தச் சின்னத்தை அசல் என்று நிரூபித்துவிட்டால் அது உன்னதமாகிவிடாது. 1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயினின் கெர்னிகாமீது குண்டு போட வந்தவர்களில் ஜெர்மன் விமானிகளும் இருந்தார்கள். அசல் சின்னம் ஒன்றைக் கையில் எடுப்பவர் அந்தக் கணக்கையும் சேர்த்தே எடுக்கிறார். அதேபோல ஒரு பாடல் கம்பனுடையது அல்ல என்று தெரிந்தால் அது கெட்ட பாடலாகிவிடாது. பெயர் தெரியாத அந்த இடைச்செருகல்காரனும் ஒரு கவிஞன்தான், சில சமயம் நல்ல கவிஞன்.

இதையெல்லாம் இப்போது ஏன் பேச வேண்டும்? பாரதி படத்தைப் போட்டு, கீழே யாரோ எழுதிய நாலு வரியோடு தினம் ஒரு அட்டை நம் கைப்பேசிக்கு வருகிறது. ‘நல்லாத்தானே இருக்கு, யார் எழுதினா என்ன?’ என்று பகிர்கிறோம். டி.கே.சி.யாவது ஆயுள் முழுக்கக் கம்பனில் தோய்ந்த காதை வைத்துத் தீர்ப்புச் சொன்னார். நம்மிடம் அந்தக் காதும் இல்லை, கீறலைத் தேடும் பூதக்கண்ணாடியும் இல்லை. ஒன்றையாவது பழகிக்கொள்ள வேண்டும். காது வளர ஆயுள் ஆகும். பூதக்கண்ணாடியை நாளைக்கே எடுக்கலாம்: அடுத்த முறை பகிர்வதற்கு முன்னால், எந்த நூலில், எந்தப் பக்கத்தில் என்று கேட்டால் போதும்.