மலேனியா: தேடலும் சண்டையும்

எல்டன் ரிங்கின் கதையை முடிக்க மலேனியாவைக் கொல்ல வேண்டியதில்லை. அவள் இருக்கும் திசைக்கே போகாமல் இறுதிக் காட்சியைப் பார்த்துவிடலாம். இருந்தும் 2022 பிப்ரவரி 25 அன்று கேம் வெளியானதிலிருந்து அதை ஆடுகிறவர்களை அவளைப் போல வாக்குவாதத்தில் இறக்கிவிட்ட பாஸ் வேறில்லை. வாதம் எப்போதும் ஒரே இடத்தில் முட்டி நிற்கிறது: அவள் கடினமானவளா, அநியாயமானவளா? கேள்வி பாதிதான். அவளைக் கண்டுபிடிப்பதும் அவளோடு மோதுவதும் சேர்ந்ததே இந்தப் படைப்பு. தேடலை எடைபோடாமல் சண்டைக்குத் தீர்ப்பு சொல்கிறவர்கள் பாதி வழக்கைத்தான் விசாரிக்கிறார்கள்.

தேடல் ஒரு பானையில் தொடங்குகிறது. லியுர்னியா ஏரிப் பகுதியின் தென்மேற்கே, சூறையாடப்பட்ட ஆல்பினாரிக் கிராமத்தில் கிடக்கும் பானைகளில் ஒன்றைத் தட்டினால் அது ஆல்பஸ் என்ற கிழவராக மாறுகிறது. மலேனியாவிடம் போகும் வழியைத் திறக்கும் ரகசியப் பதக்கத்தின் வலது பாதி அவரிடம். அது கைக்கு வந்த பிறகு வட்டமேசை மண்டபத்துக்குத் திரும்பினால், அதுவரை வாய் திறக்காமல் சுவரோரம் நின்ற என்ஷா உங்கள் மேல் பாய்கிறான். நீங்கள் எடுத்த பொருளுக்கு வேறு யாரோ ஆசைப்பட்டிருக்கிறார்கள் என்று ஒரு வசனமும் இல்லாமல் புரிந்துவிடுகிறது. இடது பாதி வெகு தொலைவில், ராட்சதர் மலைப்பகுதியின் பனிக்குள் இருக்கும் சோல் கோட்டையில், தளபதி நியாலைத் தாண்டித்தான் கிடைக்கும். இரண்டையும் சேர்த்துக்கொண்டு போக வேண்டிய இடமோ ஏற்கெனவே ஏறிப் போன ரோல்ட் லிஃப்ட். அதே மேடை, அதே சிலைகள். தூக்கிக் காட்டும் பதக்கம் மட்டும் வேறு, அதனால் போய்ச் சேரும் ஊரும் வேறு. அதற்கப்பால் கண்ணை மறைக்கும் பனிப்புயல். பிறகு ஆர்டினா என்ற ஊர்: நான்கு விளக்குகளை ஏற்ற வேண்டும்; கூரைகளில் வில்லாளிகள், தெருவில் கண்ணுக்குத் தெரியாத கொலையாளிகள்.

இந்தப் பாதையில் அம்புக்குறி காட்டி அழைத்துப் போக எவரும் இல்லை. பானையைத் தட்டத் தோன்றாதவர்கள் மலேனியா இருக்கும் ஹேலிக்ட்ரீ என்ற மரத்தின் பெயரைக் கேட்டதோடு சரி. இதைக் குறையாகச் சொல்வதுண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. கட்டாயமில்லாத ஒன்றை ஒளித்து வைக்க, கேமை உருவாக்கிய ஃபிரம்சாஃப்ட்வேருக்கு முழு உரிமை உண்டு. தவிர, தேடுகிறவருக்குத் தடயங்கள் இல்லாமலும் இல்லை. கேலிட் நிலப்பரப்பைக் கேமின் தொடக்கத்திலேயே பார்த்துவிடுகிறோம்: சிவந்து அழுகிய மண், பூஞ்சை படிந்த ஏரி. இன்னொரு பாஸான ராடானோடு நடந்த போரில் மலேனியா மலர்ந்து வெடித்ததன் மிச்சம் அது. அவளை நேரில் காண்பதற்குப் பல மணி நேரம் முன்பே அவள் செய்ததன் மேல் நடந்திருக்கிறோம். அதே அழுகல் நோயால் ஒரு கையை இழந்த மில்லிசென்ட்டுக்குத் தங்க ஊசி கொண்டுபோய்க் கொடுத்து, அவளை ஊர் ஊராகப் பின்தொடர்ந்தவர்களுக்கு மலேனியா பாதி அறிமுகமானவள். அத்தனைக்கும் பிறகு, எல்ஃபேல் நகரின் அடியில், வராத இரட்டைச் சகோதரனுக்காகக் காத்துக் கண்ணயர்ந்திருக்கும் ஒருத்தியாக அவள் தென்படுகிறாள். எழுந்து செயற்கைக் கையைப் பொருத்திக்கொள்ளும்போது, அத்துமீறி நுழைந்தது நாம்தான் என்பது உறைக்கிறது. ஒரு பாஸுக்கு இவ்வளவு கனமான வருகையை இந்த நிறுவனம் வேறு எங்கும் அமைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இனி சண்டை. ஃபிரம்சாஃப்ட்வேரின் கேம்களில் எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் உண்டு: எதிரியின் உடல் முன்கூட்டியே சொல்லிவிடும், அதற்கான பதில் உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும். உருளலாம், தடுக்கலாம், ஓடலாம், குதிக்கலாம். செத்தால் ஏன் செத்தோம் என்று தெரியும். அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம். இயக்குநர் ஹிடெட்டகா மியாசாகியின் கேம்களில் திரும்பத் திரும்பச் சாவதைப் பொறுத்துக்கொள்ள முடிவது இதனால்தான்.

மலேனியாவை இந்த ஒப்பந்தத்தால் அளந்து பார்க்கலாம். அவள் அடிக்கும் ஒவ்வொரு அடியும் அவள் உயிரைக் கொஞ்சம் மீட்டுத் தருகிறது. கேடயத்தால் தடுத்தாலும் அப்படித்தான். பலர் முதலில் கையைக் காட்டுவது இதன் மேல். நான் இதை ஆதரிக்கிறேன். கேம் முழுவதும் பெரிய வாளைத் தூக்கிக்கொண்டு, ஓர் அடி வாங்கி இரண்டு அடி கொடுத்து, பிளாஸ்கைக் குடித்து ஒப்பேற்றி வந்த பழக்கத்தை அவள் ஒரே விதியால் முறிக்கிறாள். துணைக்கு அழைத்த ஆவி அடி வாங்கினாலும் லாபம் அவளுக்கே. அந்த விதி முதல் அடியிலேயே கண்ணுக்குத் தெரிகிறது, ஒளிவுமறைவில்லை. கேடயத்தை நம்பியவர்களுக்கு இது கொடுமைதான். ஆனாலும் கொடுமை அநியாயமாகிவிடாது.

இரண்டாம் கட்டத்தின் தொடக்கமும் அப்படியே. அழுகலின் தெய்வமாக மேலெழுந்து, செந்நிற மலராகத் தரையில் வெடிக்கிறாள். பார்க்கவே பதறும், ஆனால் எழும்போதே தெரிகிறது, விலகி ஓடினால் தப்பலாம், வெடித்த பின் மலருக்குள் அவள் அசையாமலிருக்கும் கணத்தில் திருப்பி அடிக்கவும் இடமுண்டு. ஒப்பந்தம் அங்கே காப்பாற்றப்படுகிறது.

மீறப்படுவது வாட்டர்ஃபௌல் நடனத்தில். காற்றில் எழும்பி ஒரு கணம் தொங்கி, பிறகு வாள்வீச்சு மழையாக அலை அலையாக வருகிறாள். அறிவிப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. பதில்தான் இல்லை. தூரத்தில் நின்றால் ஓடிப் பிழைக்கலாம். அவளை ஒட்டி நின்றிருந்தால், அதுவரை கேம் சொல்லித் தந்த உருளல் முதல் அலைக்கே போதாது. பல அடிகள் விழும், அவற்றால் அவள் உயிரும் ஏறும். ஒட்டி நின்று அடிக்கச் சொல்லி வளர்த்ததும் இதே கேம்தான். பாடத்திட்டத்துக்கு வெளியே கேட்ட கேள்வி இது. ஆட்டக்காரர்கள் விடை கண்டுபிடித்திருக்கிறார்கள்: பூட்டிய பார்வையை விடுவித்துவிட்டு அவளைச் சுற்றி வட்டமாக ஓடுவது, தொங்கும் நொடியில் உறைபனிப் பானையை வீசி விழவைப்பது. இரண்டும் வேலை செய்கின்றன. இரண்டுமே அவளை உற்றுப் பார்ப்பதால் தோன்றுகிறவை அல்ல. வேறொருவர் காட்டிக் கொடுக்க வேண்டியவை.

இதற்கு எதிராக நிறுத்தப்படும் பெரிய சாட்சி 'லெட் மீ சோலோ ஹர்' என்ற ஆட்டக்காரர். தலையில் பானை, கையில் இரண்டு கட்டானா, உடலில் கவசமே இல்லை. அழைத்தவர்களின் ஆட்டத்துக்குள் போய்த் தனியாளாக மலேனியாவை ஆயிரம் முறை வென்றவர். கேமின் வெளியீட்டாளரான பண்டாய் நாம்கோ அவருக்கு நிஜ வாள் ஒன்றையே பரிசாக அனுப்பியது. அவர் திறமைக்கு மரியாதை. ஆனால் இயலும் என்று காட்டியதால் நியாயம் என்று நிறுவியதாகாது. இன்னொரு வாதம், பாயும் நீர் போன்ற வாள்வீச்சைக் குருவிடம் கற்றவள் அப்படித்தான் ஆட வேண்டும் என்பது. அழகான காரணம். பாத்திரத்துக்குப் பொருந்துவதால் மட்டும் சண்டையின் இலக்கணம் சரியாகிவிடாது.

செகிரோவின் வாள்முனிவர் இஷ்ஷினைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். 2019-இல் வந்த கேம். வேகத்தில் மலேனியாவுக்குச் சளைத்தவரல்லர். வாள், ஈட்டி, துப்பாக்கி, மின்னல் என்று எதை எடுத்தாலும் பதில், வாளால் தட்டிவிடும் அந்த ஒரே பாடத்திலிருந்தோ அதன் கிளைகளிலிருந்தோ வருகிறது. நிறுவனத்துக்கே இந்த வேறுபாடு தெரியாமலில்லை. எர்ட்ட்ரீயின் நிழல் டிஎல்சியின் இறுதி பாஸான ராடானை 2024 செப்டம்பரில் அவர்கள் திருத்தியபோது, சேதத்தைக் குறைத்ததோடு நிற்காமல், சில தாக்குதல்களின் ஒளிவிளைவுகள் தெளிவாகத் தெரியும்படியும் மாற்றினார்கள்.

ஆகவே என் கணக்கு இப்படி. தேடலில் மலேனியாவுக்கு இணை இல்லை. முதல் கட்டத்தில், நடனம் வராத நிமிடங்களில், மனித உருவ எதிரியோடு எல்டன் ரிங் தரும் மிகச் சிறந்த வாள்சண்டை அவளுடையது. நடனத்தையும் சேர்த்து எடைபோட்டால் அவள் இஷ்ஷினுக்கு ஒரு படி கீழேதான் நிற்கிறாள். புதிதாக ஹேலிக்ட்ரீக்குப் போகிறவர் வழியை எவரிடமும் கேட்காமல் போகட்டும். உறைபனிப் பானையை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு போகலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.