ஆன்ம சாந்தியும் சமூக அமைதியின்மையும்: கொழும்பு வேதாந்தம் பற்றிய ஒரு மதிப்பீடு

வேதாந்தம் மனச்சாந்தி தருகின்றது என்ற கூற்று நமது சமூகத்திற் பெரும்பாலும் ஐயமின்றி ஏற்றுக்கொள்ளப்படுவதாகும். முற்போக்கு வட்டாரங்களிலோ, அதனை அபினி என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடும் வழக்கம் நிலைபெற்றுள்ளது. இவ்விரு நிலைப்பாடுகளுக்கும் பொதுவான குறைபாடு ஒன்றுண்டு. சாந்தியை நாடியவர் யார், எத்தகைய அமைதியின்மையிலிருந்து அவர் விடுபட விரும்பினார், அவர் கண்ட சாந்தி அவரைச் சூழ வாழ்ந்தோர்க்கு என்ன செய்தது ஆகிய வினாக்களை இரண்டும் எழுப்புவதில்லை. கொழும்புத் தமிழரிடையே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நிலவிவரும் வேதாந்த நாட்டத்தை எடுத்துக்கொண்டு, அவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

மேலைநாடுகளிற் புகழீட்டித் திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 15ஆம் நாள் கொழும்பில் வந்திறங்கினார். மறுநாள் மாலை புளோரல் மண்டபத்தில் அவர் ஆற்றிய உரையே, கீழைத்தேயத்தில் அவர் நிகழ்த்திய முதலாவது பகிரங்கச் சொற்பொழிவாகக் கொள்ளப்படுகின்றது. வரவேற்பில் முன்னின்றவர் அப்போது சட்டநிரூபண சபையிலே தமிழ்ப் பிரதிநிதியாயிருந்த பொ. குமாரசுவாமி. பேச்சு ஆங்கிலத்தில் நிகழ்ந்தது. ஐந்தாண்டுகளின் பின், 1902இல், கொழும்பு விவேகானந்த சபை தோன்றியது. பிற்காலத்தில் இராமகிருஷ்ண மிஷனின் கொழும்பு நிலையம் வெள்ளவத்தையில் அமைந்தது.

இங்கு நாம் கருத்திற் கொள்ள வேண்டியது, ஈழத்துச் சைவரின் மரபுவழித் தத்துவம் வேதாந்தமன்று என்பதாகும். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் (1822-1879) நிலைநிறுத்திய சைவம் ஆகமத்தையும் ஆலயத்தையும் சித்தாந்த சாத்திரங்களையும் ஆதாரமாகக் கொண்டது. அது தமிழிற் பேசியது. ஊரின் சாதியொழுங்கோடு பிணைந்திருந்தது. கொழும்பிலே கறுவாத்தோட்டத்தில் வாழ்ந்த நியாயவாதிகளுக்கும் உயர் உத்தியோகத்தர்க்கும் தேவைப்பட்டதோ வேறொன்று. மிஷனரிமாரின் ஏளனத்துக்கும் ஆட்சியாளரின் அலட்சியத்துக்கும் ஆங்கிலத்திலேயே விடையிறுக்கத்தக்க, விக்கிரகமோ கிரியையோ குறுக்கிடாத, உலகப்பொதுவானதெனக் காட்டத்தக்க ஒரு மெய்யியலை அவர்கள் வேண்டி நின்றனர். அவ்வரலாற்றுத் தேவையை வேதாந்தம் நிறைவு செய்தது. பிரமஞான சங்கத்தின் ஆதரவோடு 1886இல் தொடங்கப்பெற்று, பின்னர் மருதானையில் நிலைகொண்ட ஆனந்தாக் கல்லூரி சிங்கள பௌத்த மத்தியதர வர்க்கத்தினர்க்கு ஆற்றிய பணியும் இத்தகையதே. அடிமைப்பட்டதோர் இனத்தின் படித்த பகுதியினர்க்குத் தன்மானத்தை ஊட்டிய அளவில் இவ்வியக்கங்கள் முற்போக்கான பாத்திரம் வகித்தன என்பதை மறுத்தல் நேர்மையாகாது.

2

வேதாந்தம் தன்னளவில் ஒரு சமூகக் கொள்கையைப் பிறப்பிப்பதில்லை என்பதற்குப் பொன்னம்பலம் குடும்பத்துச் சகோதரர் இருவரின் வாழ்வைக் காட்டிலும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது. இராமநாதனும் (1851-1930) அருணாசலமும் (1853-1924) ஒரே இல்லத்திற் பிறந்தவர்கள். தாயுமானவர் மரபைப் போற்றிய ஞானநாட்டம் இருவர்க்கும் பொதுவானது. இராமநாதன் பரானந்தர் என்ற பெயரில் விவிலிய நூல்களுக்கு ஞானவுரை வரைந்தார். பகவத்கீதைக்குத் தமிழில் உரை கண்டார். 1905-06ஆம் ஆண்டுகளில் அமெரிக்கா சென்று ஆன்ம பரிபக்குவம் பற்றிப் பேசினார். கொச்சிக்கடையிலே தந்தையார் எழுப்பிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கருங்கற்றளியாக மாற்றியவரும் அவரே. ஆயினும் டொனமூர் சீர்திருத்தம் சர்வசன வாக்குரிமையை முன்வைத்தபோது அதனை எதிர்த்தோரின் முன்னணியில் அவர் நின்றார். எல்லா உயிரிலும் ஒரே ஆன்மாவைக் கண்ட ஞானம், எல்லா மனிதர் கையிலும் ஒரே வாக்குச் சீட்டைக் காண ஒருப்படவில்லை.

அருணாசலமோ 1915இல் இலங்கைச் சமூகசேவைச் சங்கத்தையும் 1919இல் தொழிலாளர் நலன்புரி சங்கத்தையும் அமைத்தார். வேலையை விட்டு நீங்கும் தோட்டத் தொழிலாளியைக் குற்றவாளியாக்கிச் சிறையிட்ட சட்டப்பிரிவுகளுக்கெதிராகக் குரலெழுப்பினார். அப்பிரிவுகள் 1921இல் நீக்கப்பட்டன. அவருடைய கேம்பிரிட்ஜ் நண்பரும் ஆங்கிலச் சோசலிசவாதியுமான எட்வர்ட் கார்ப்பென்டர் 1890இல் இலங்கை வந்து, அவர் மூலம் ஞானியொருவரைச் சந்தித்தமை இங்கு நினைவுகூரத்தக்கது. தொழிற்புரட்சியின் புகைக்கும் போட்டிக்கும் அஞ்சிய ஐரோப்பியச் சோசலிசவாதி ஒருவர் சாந்தியைத் தேடிக் கிழக்கு நோக்குகின்றார். அவர்க்கு ஞானியைக் காட்டிய கீழைத்தேயத்தவரோ தொழிலாளர் நலன் நோக்கித் திரும்புகின்றார்.

அருணாசலத்தின் முயற்சிகளுக்கு எல்லைகள் இருந்தன. அவருடைய சங்கம் தொழிலாளர்க்காகப் பேசியது. தொழிலாளர் தாமே பேசும் களமாக அது வளரவில்லை. அக்களம் வேறிடத்திலே தோன்றிக்கொண்டிருந்தது. 1912இல் மருதானைப் புகையிரத வேலைத்தலத்திலே தொடங்கிய வேலைநிறுத்தமும், 1923இல் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் நிகழ்ந்த கொழும்புப் பொது வேலைநிறுத்தமும், 1933இல் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையிற் கொல்வின் ஆர். டி சில்வாவின் தலைமையில் நடந்த போராட்டமும் அதன் படிகளாகும். ஆயினும் ஒரே குருமரபு ஒரு சகோதரரைச் சாதியொழுங்கின் காவலராகவும் மற்றவரைத் தொழிலாளரின் அனுதாபியாகவும் காண அனுமதித்ததெனில், வேறுபாட்டின் காரணத்தைத் தத்துவத்துக்கு வெளியிலேயே தேடுதல் வேண்டும். வர்க்கத்தாலும் இருவரும் ஒருவரே. ஆதலின் வர்க்கப் பிறப்பை மாத்திரம் சுட்டி விளக்கம் முடிந்துவிட்டதெனக் கருதும் இயந்திரப் பாங்கான மார்க்சியமும் இங்குப் பயன்படாது.

3

இந்நெகிழ்ச்சிக்குரிய இடம் அத்துவிதத்தின் கட்டமைப்பிலேயே உள்ளது. பாரமார்த்திகம், வியாவகாரிகம் என உண்மையைச் சங்கரர் இரு தளங்களாக வகுத்தார். மேற்றளத்திற் பேதமில்லை, கீழ்த்தளத்தில் உலக வழக்கு அனைத்தும் செல்லும். பிரமசூத்திர உரையிலே பேதமற்ற பிரமத்தை நிறுவிய அவரே, சூத்திரர்க்கு வேதம் ஓதும் அதிகாரமில்லை எனவும் வாதிட்டார். அவரது அமைப்பினுள் இது முரண்பாடன்று. சமத்துவம் மேல்மாடியிலும் சாதி கீழ்மாடியிலும் ஒன்றையொன்று உரசாமல் குடியிருக்கலாம். தேவிபிரசாத் சட்டோபாத்தியாயர் 1976இல் வெளியிட்ட, இந்திய மெய்யியலில் உயிருள்ளனவும் இறந்தனவும் பற்றிய நூலில், கருத்துமுதல்வாதத்தின் சமூகப் பயன்பாட்டை இத்திசையிலே விரிவாக ஆராய்ந்துள்ளார்.

எனினும், இரு மாடிகளுக்கும் இடையிற் படிக்கட்டொன்றை அமைக்க முற்பட்டோரும் வரலாற்றில் உளர். ஈழவ சமூகத்தில் தோன்றிய நாராயண குரு அத்துவிதியே. பேதமில்லை என்ற மேற்றள உண்மையைக் கோயில் வாயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொணர்ந்தவர் அவர். 1918இல் அவர் கொழும்புக்கும் வந்தார். சங்கரர் கையில் அதிகாரமின்மையை நியாயப்படுத்திய அதே தத்துவம், அதிகாரம் மறுக்கப்பட்டோர் கைக்கு மாறியதும் உரிமைக்கோரிக்கையாயிற்று.

4

ஈழத்துத் தமிழ் எழுத்துலகில் இவ்வகையில் இருவரை நாம் சிறப்பாக நோக்குதல் வேண்டும். முதலாமவர் விபுலாநந்த அடிகள் (1892-1947). மயில்வாகனன் என்ற பெயருடன் மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரியிற் கற்று 1916இல் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்ற அவர், 1924இல் இராமகிருஷ்ண மடத்துத் துறவியானார். அவரது துறவு அவரைச் சமூகத்தினின்றும் விலக்கவில்லை. 1929இல் மட்டக்களப்பிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியவரும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியராயிருந்த காலத்தில் அயலிலுள்ள சேரிப் பிள்ளைகளின் கல்வியில் அக்கறை கொண்டவரும் அவரே. விஞ்ஞானம் பயின்ற துறவி யாழின் சுருதிகளைக் கணிதத்தால் ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். உலகைப் பொய்யெனத் தள்ளிய ஒருவரால் நரம்பின் நீளத்தை இவ்வளவு கருத்தோடு அளந்திருக்க முடியாது.

இரண்டாமவர் மு. தளையசிங்கம் (1935-1973). ‘போர்ப்பறை’, ‘மெய்யுள்’ ஆகிய நூல்களில் அவர் மார்க்சியத்தைத் தாண்டிய சர்வோதய யுகமொன்றைக் கற்பனை செய்தார். முற்போக்கு எழுத்தாளரைக் கடுமையாகச் சாடினார். அவருடைய வரலாற்று நோக்கை நாம் ஏற்பதற்கில்லை. மனத்தின் பரிணாமமே சமூகத்தை மாற்றும் என்ற அவரது கோட்பாடு காரியத்தைக் காரணமாகக் கொள்வது. அம்மாற்றத்தைக் கொணரும் சமூக சக்தி எதுவென்ற வினாவுக்கு அதனிடம் விடையில்லை. ஆயினும் 1971இல் புங்குடுதீவுக் கண்ணகி அம்மன் கோயிற் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் தண்ணீர் அள்ளும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் செய்து, கைதாகித் தாக்கப்பட்டவர் அவர். 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்தில் எழுந்த ஊர்வலத்தையும் 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தையும் இடதுசாரிகள் முன்னெடுத்தனர். அவர்கள் எந்த அநீதியை எதிர்த்தார்களோ அதே அநீதியின் முன் தளையசிங்கமும் வேறொரு பாதையால் வந்து நின்றார். அவருடைய தத்துவத்தைக் கண்டித்து அவரது செயலைப் பற்றி வாளாவிருக்கும் விமர்சனம் அரைகுறையானதாகும்.

5

மேற்கூறியவற்றிலிருந்து ஓர் அளவுகோலை நாம் பெறலாம். சாந்தி தேடிய ஒருவரின் ஞானத்தை, அவர் எவ்வளவு அமைதியாய் இருந்தார் என்பதைக் கொண்டு மதிப்பிடலாகாது; அந்த ஞானம் பெற்ற பின்னும் அவரை அமைதியிழக்கச் செய்தவை எவை என்பதைக் கொண்டே மதிப்பிடுதல் வேண்டும். விபுலாநந்தரைக் கல்வியற்ற பிள்ளை அமைதியிழக்கச் செய்தது. தளையசிங்கத்தை எட்டி நின்று தண்ணீருக்குக் காத்திருந்த பெண் அமைதியிழக்கச் செய்தாள். இராமநாதனை அமைதியிழக்கச் செய்ததோ சாதாரண மனிதனின் வாக்கு.

இன்று இவ்வளவுகோலின் தேவை மிகுந்துள்ளது. 1983 ஜூலையில் வெள்ளவத்தையும் மருதானையும் எரிந்ததைக் கண்ட தலைமுறையும், 2009இல் முடிந்த போரிலே பிள்ளைகளை இழந்த தலைமுறையும் ஆறுதலை நாடித் தியான மண்டபங்களையும் கீதை வகுப்புகளையும் அடைகின்றன. அவர்களை இகழ எவர்க்கும் உரிமையில்லை. மதத்தை அபினியோடு ஒப்பிட்ட மார்க்ஸ், 1844இல் அதே பந்தியில், அதனை மெய்யான துன்பத்தின் வெளிப்பாடெனவும் அத்துன்பத்துக்கு எதிரான கண்டனமெனவும் கொண்டதை நம்மவர் பலர் மறந்துவிடுகின்றனர். நோய் இல்லாதவன் நோவு மருந்தைத் தேடுவதில்லை. ஆயினும் காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் தாயிடம் பற்றை விடு என்று போதிக்கும் ஞானம், நோவை மாத்திரமன்றி நீதிக்கான கோரிக்கையையும் சேர்த்தே தணித்துவிடுகின்றது. அத்தாயின் அமைதியின்மை ஓர் அறியாமையன்று. நாட்டில் நிகழ்ந்ததைப் பற்றிய சரியான அறிவே அது.

பழைய மெய்யியல்களில் நாம் பேண வேண்டியவை பல உள. ஆசையை ஆராயும் நுண்மை, அகந்தையை அடக்கும் ஒழுக்கம், பிறரிலே தன்னைக் காணும் விரிவு ஆகியன புதிய சமுதாயத்தைச் சமைப்போர்க்கும் வேண்டியனவே. நமது இயக்கங்கள் இவை இல்லாமையாற் பட்ட சேதம் சிறிதன்று. ஆனால் அவற்றை மேல்மாடியிற் பூட்டிவைக்கும் சாவி எவர் கையிலிருந்தாலும் அதனைப் பறித்தல் விமர்சனத்தின் கடமையாகும். சாந்தி என்ற சொல்லுக்கு நம் மொழியில் உள்ளத்தின் அடக்கம் என்பதோடு சமாதானம் என்ற பொருளும் உண்டு. இரண்டாவதைக் கேளாத முதலாவது நெடுநாள் நிலைப்பதில்லை என்பதற்கு இந்நகரின் வரலாறே போதிய சான்றாகும்.