சாய்வில் தெரியும் நிறை

வானியலின் அளவை முறைகளில் நான் மிகவும் மதிப்பது, வலுக்குறைந்த ஈர்ப்பு வில்லை முறை. ஒரு கேலக்ஸிக் கொத்துக்கு வெகு பின்னால் இருக்கும் கேலக்ஸிகளின் ஒளி, கொத்தைக் கடந்து வரும்போது அதன் ஈர்ப்பால் வளைகிறது. அவற்றின் உருவம் சற்றே நீள்கிறது. பெரும்பாலும் சில சதவீதம்தான்.

தனியொரு கேலக்ஸியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அது இயல்பிலேயே நீள்வட்டமாக இருக்கலாம். ஆயிரக்கணக்கானவற்றைச் சராசரி எடுத்தால் இயல்பான சாய்வுகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். கொத்தைச் சுற்றி வட்டமாக ஓடும் மெல்லிய ஒழுங்கு மட்டும் மிஞ்சும். அதிலிருந்து நிறையைக் கணக்கிடுகிறார்கள். வளிமண்டலமும் தொலைநோக்கியும் உண்டாக்கும் கோணல்களை முதலில் நீக்க வேண்டும். அதற்கு நமது கேலக்ஸியின் விண்மீன்களே துணை: புள்ளியாகத் தெரிய வேண்டியவை எப்படிக் கோணியிருக்கின்றன என்று பார்த்தால் போதும். எவ்வளவு பொறுமையான வேலை!

1990இல் ஆந்தனி டைசன் குழுவினர் கொத்துகளைச் சுற்றி இந்த ஒழுங்கைக் கண்டார்கள். 2006இல் டக்ளஸ் க்ளோவ் குழுவினர், இரு கொத்துகள் மோதிய ‘புல்லட்’ கொத்தின் நிறை வரைபடத்தை வெளியிட்டார்கள். சாதாரணப் பொருளில் பெரும்பங்கான வெப்ப வாயு, மோதலில் வேகம் குறைந்து நடுவே பின்தங்கியிருந்தது. நிறையின் உச்சங்களோ வாயுவை விட்டு விலகி, கேலக்ஸிகள் இருந்த இடத்தில் இருந்தன. வாயுவைப் படம்பிடித்தது, சுப்பிரமணியன் சந்திரசேகர் பெயர் தாங்கிய சந்திரா தொலைநோக்கி. ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டும் கரும்பொருளுக்கு இன்றுள்ள மிக வலுவான சான்றுகளில் ஒன்று அந்த நிறை வரைபடம்.