நான்கு இன்ஜெக்டருக்கு எத்தனை சுவிட்ச்?

புதுச்சேரியில் கதிர்காமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் லாஸ்பேட்டை விமான நிலையத்துக்கு 2022 பிப்ரவரி 19 அன்று பெங்களூரிலிருந்து ஓர் இரட்டை இருக்கை விமானம் வந்து சேர்ந்தது. சிஎஸ்ஐஆர் – என்ஏஎல் ஆய்வகம் உருவாக்கிய ஹன்சா – என்ஜி என்ற பயிற்சி விமானம் அது. கடல் மட்டக் காற்றில் எப்படிப் பறக்கிறது என்று பார்க்கும் சோதனைக்காக வந்து, 18 மணி நேரம் பறந்துவிட்டு மார்ச் 5 அன்று திரும்பியது. அதன் மூக்கில் இருந்தது ரோடாக்ஸ் 912 ஐஎஸ் இன்ஜின். நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு இன்ஜெக்டர், ஆக எட்டு. ஆனால் விமானியின் முன்னால் எட்டு சுவிட்ச் இல்லை. 'லேன் ஏ', 'லேன் பி' என்று இரண்டே இரண்டுதான். ஒரு லேனை அணைத்தால் நான்கு இன்ஜெக்டரும் அவற்றோடு சேர்ந்த ஸ்பார்க்கும் போகும். மற்ற நான்கை வைத்துக்கொண்டு இன்ஜின் ஓடும். கிளம்பும் முன் தரையிலேயே இரண்டையும் மாற்றி மாற்றி அணைத்துப் பார்ப்பது வழக்கம்.

வீட்டு ஷெட்டில் விமானம் கட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை வேறு மாதிரி போடுகிறார்கள். அமெரிக்காவில் மாஸ்டா காரின் 13பி ரோட்டரி இன்ஜினைப் பிரித்தெடுத்து விமானத்தில் பொருத்துகிற ஒரு சிறு கூட்டம் பல ஆண்டுகளாக இருக்கிறது. வால்வு கிடையாது, பிஸ்டன் கிடையாது; தலா 654 சிசி கொண்ட இரண்டு ரோட்டர். அடிபட்டாலும் சட்டென்று இறுகி நின்றுவிடாமல், பலம் குறைந்தாவது ஓடிக் கரைசேர்க்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதில் பொதுவாக நான்கு இன்ஜெக்டர். ஐடிலிலும் குறைந்த வேகத்திலும் பிரைமரி ஜோடி மட்டும் பீய்ச்சும். த்ராட்டிலைத் தள்ளினால் செகண்டரி ஜோடியும் சேரும். இன்ஜெக்டரின் ஒரு முனைக்கு ஃபியூஸ் வழியாக 12 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். மறுமுனையை இன்ஜினின் எலக்ட்ரானிக் கன்ட்ரோலர் எர்த்தோடு விட்டுவிட்டு இணைக்கும். அந்த 12 வோல்ட் பாதையில்தான் இவர்கள் சுவிட்ச் வைக்கிறார்கள். சிலர் ஜோடிக்கு ஒன்று; சிலர் இன்ஜெக்டருக்கு ஒன்று.

அவர்கள் சொல்லும் முதல் காரணம் வலுவானதுதான். கன்ட்ரோலருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகிவிட்டால் இன்ஜெக்டர் மூடாமல் திறந்தே கிடக்கும், ரோட்டர் பெட்ரோலில் மூழ்கும். கெட்டுப்போனதே கன்ட்ரோலர் என்பதால் அதனால் இதைத் தடுக்க முடியாது. 12 வோல்ட்டை வெட்டினால் இன்ஜெக்டர் மூடிக்கொள்ளும். முதல் உலகப் போர்க் காலத்து நோம் இன்ஜினும் ரோட்டரி என்றுதான் அழைக்கப்பட்டது (அது வேறு ஜாதி, இன்ஜினே சுற்றும்). அதில் விமானி பொத்தானை அழுத்தி ஸ்பார்க்கை வெட்டுவார். பெட்ரோல் மட்டும் வந்துகொண்டே இருக்கும், எரியாமல் தேங்கியது தீப்பிடிக்கும் ஆபத்தும் இருந்தது. எரிபொருளையே வெட்டும் சுவிட்ச் அந்த வகையில் நல்ல முன்னேற்றம். ஆனால் இன்ஜெக்டருக்குள் தூசு சிக்கித் திறந்து கிடந்தால் எந்தச் சுவிட்சும் உதவாது. அதற்கு நல்ல ஃபில்டர்தான் வழி.

குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. சுவிட்ச் என்பது மின்சாரம் போகிற ஒரே பாதையில் புதிதாக நுழைக்கப்படும் இரண்டு இணைப்புகள். அதிர்வில் ஸ்பேட் கனெக்டர் தளரும். ஈயம் வைத்த ஒயர், வைத்த இடத்தின் விளிம்பில் முறியும். புதுச்சேரி மாதிரி உப்புக் காற்றடிக்கும் ஊரில் பச்சை பூத்த டெர்மினலைப் பார்க்காத மெக்கானிக் இருக்கமாட்டார். எப்போதோ வரக்கூடிய டிரான்சிஸ்டர் கோளாறுக்காக, தினமும் வரக்கூடிய லூஸ் கான்டாக்ட்டை விலைக்கு வாங்குகிறோமா என்று கேட்டே ஆக வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம், எதை எதோடு சேர்த்து வெட்டுகிறோம் என்பது. ரோட்டருக்கு ஒரு சுவிட்ச் என்று ஒயர் போட்டால், ஒன்று அணைந்ததும் பாதி இன்ஜின் செத்துப்போகும். பிரைமரி ஜோடிக்கு ஒன்று, செகண்டரி ஜோடிக்கு ஒன்று என்று போட்டால் இரண்டு ரோட்டருக்கும் சமமாகப் பெட்ரோல் கிடைக்கும். ஃபியூஸும் அதே போலப் பிரிந்திருக்க வேண்டும். நான்குக்கும் சேர்த்து ஒரே ஃபியூஸ் வைத்துவிட்டு அதற்குக் கீழே நான்கு சுவிட்ச் அடுக்குவது வெறும் அலங்காரம்.

ஜோடியாக வெட்டினாலும் வேலை முடியவில்லை. மிச்சமிருக்கும் ஜோடி இரண்டு மடங்கு பீய்ச்ச வேண்டும். அதை கன்ட்ரோலருக்கு யாராவது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கலவை பாதியாக மெலிந்து இன்ஜின் திணறும். சொன்னாலும் ஓர் எல்லை உண்டு. ஷாஃப்ட் நிமிடத்துக்கு 6000 முறை சுற்றும்போது ஒரு சுற்றுக்கு 10 மில்லி விநாடிதான்; ஷாஃப்ட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு ரோட்டரிலும் ஒரு முறை எரிகிறது. இரண்டு ஜோடியும் தலா 7 மில்லி விநாடி திறந்து கொடுத்துக்கொண்டிருந்த பெட்ரோலை ஒரு ஜோடி 14 மில்லி விநாடியில் கொடுக்க வழியே இல்லை. ஆகவே விமானி முதலில் த்ராட்டிலைக் குறைத்துவிட்டுத்தான் சுவிட்சைத் தட்ட வேண்டும். த்ராட்டிலைக் குறைக்காவிட்டால், முழு பலத்தில் கலவை மெலிந்து நாக்கிங் வரும். ரோட்டர் முனையில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் உடைவது பெரும்பாலும் அப்படித்தான். கிளம்பிய கொஞ்ச நேரத்தில், தரை பக்கத்திலேயே இருக்கும்போது, வரிசையாக ஒரே மாதிரி நிற்கும் நான்கு சுவிட்சில் எது கெட்ட இன்ஜெக்டருடையது என்று கண்டுபிடித்து, இத்தனையையும் சரியான வரிசையில் செய்ய எந்த விமானியையும் நான் நம்பமாட்டேன்.

மாஸ்டாவுடையதைப் போன்ற ரோட்டரிக்கு வான்கல் இன்ஜின் என்று பெயர்; நம் நாட்டு வான்கல் ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. 2009 மார்ச்சில் நிஷாந்த் ஆளில்லா விமானம் உள்நாட்டிலேயே உருவான 55 குதிரைத் திறன் வான்கல் இன்ஜினோடு பறந்தது. அதில் சுவிட்சைத் தட்டக் கை இல்லை. இன்ஜினுக்கு என்ன ஆனாலும் ஒயரிங்கும் எலக்ட்ரானிக்ஸும்தான் சமாளித்தாக வேண்டும். ஆள் உட்காரும் விமானத்துக்கும் முதலில் அப்படி வரைந்து பார்த்துவிட்டு, பிறகு சுவிட்ச் சேர்ப்பதே சரி.

அப்படியானால் சுவிட்சே வேண்டாமா? வேண்டும், தரையில். நான்கு இன்ஜெக்டரும் சேர்ந்து உழைக்கும்போது ஒன்று சோர்ந்தாலும் காதுக்குத் தெரியாமல் போகலாம். ஐடிலில் செகண்டரி முழுவதும் செத்திருந்தாலும் இன்ஜின் சமர்த்தாகவே ஓடும். பிரைமரியை அணைத்து, செகண்டரியை மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்தால்தான் அது வெளிப்படும். ரோடாக்ஸின் லேன் சோதனை செய்வதும் அதைத்தான். எனவே ஜோடிக்கு ஒரு சுவிட்ச், ஜோடிக்கு ஒரு ஃபியூஸ், அணைந்ததை கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஒரு ஒயர், தவறிக் கைபட்டு அணையாதபடி மேலே ஒரு மூடி. இன்ஜெக்டருக்கு ஒன்று என்ற நான்கு சுவிட்ச் ஏற்பாட்டுக்கு என்னிடம் ஆதரவு இல்லை.

தரையில் பார்த்தது காற்றிலும் பொருந்துமா என்பது தனிக் கேள்வி. ஹன்சா – என்ஜி புதுச்சேரியிலிருந்து திரும்பிய இரண்டரை மாதத்துக்குள், 2022 மே 17 அன்று, கர்நாடகத்தின் சள்ளகெரேயில் 7000 முதல் 8000 அடி உயரத்தில் இன்ஜினை நிறுத்தி மறுபடி கிளப்பிப் பார்த்தார்கள். கீழே சோதனைக்கென்றே உள்ள ஓடுதளம், உள்ளே சோதனை விமானிகள். வீட்டில் கட்டியவர் காற்றில் செகண்டரியை முதன்முதலாக அணைத்துப் பார்ப்பதும் அந்த உயரத்தில், ஓடுதளத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும்.